தபாலில் போன எச்சில்

அரை மணி நேரத்துக்கு எதுவும் சாப்பிடக்கூடாது. தண்ணீரும் கூடாது, சூயிங்கம் கூடாது, சிகரெட் கூடவே கூடாது. பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத்தாள் முதலில் சொல்வது இதைத்தான். அதன்பிறகு, வாயில் புனல் வைத்த ஒரு பிளாஸ்டிக் குழாயில் குறித்திருக்கும் கோடுவரை துப்ப வேண்டும். நுரை கணக்கில் சேராது. மொத்தம் 2 மில்லிலிட்டர் இருந்தால் போதும். கேட்டால் இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் எழுபதைத் தாண்டிய, நாளுக்கு நாலைந்து மாத்திரை விழுங்கும் ஒருவருக்கு அந்தக் கோட்டை எட்டுவதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். கன்னத்தை வெளியிலிருந்து தேய்த்துக்கொண்டு, எலுமிச்சையை நினைத்துக்கொண்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டியதுதான்.

கோடு வந்ததும் மூடியை அழுத்தி மூடினால், மூடிக்குள் அடைத்து வைத்திருக்கும் திரவம் இறங்கி எச்சிலோடு கலக்கும். சில நொடிகள் குலுக்க வேண்டும். அந்தத் திரவம்தான் இந்தக் கதையின் முதல் நாயகன். எச்சிலில் உள்ள உயிரணுக்களை உடைத்து, டி.என்.ஏ.வை வெளியே எடுத்து, அது சிதையாமல் சாதாரண அறை வெப்பத்திலேயே காத்து வைக்கும். பனிக்கட்டி வேண்டாம், குளிர்பெட்டி வேண்டாம், ஊசி குத்த ஆள் வேண்டாம். இந்த வகைக் குழாய்க்குப் பேர்போனது கனடாவின் ஒட்டாவா நகர நிறுவனமான டி.என்.ஏ. ஜெனோடெக். அதை நிறுவியவர்களில் ஒருவர் ஹயிம் பர்ன்பாய்ம். 1979இல் டோலி என்பவருடன் சேர்ந்து, பாக்டீரியாவிலிருந்து சிறு டி.என்.ஏ. வளையங்களைப் பிரித்தெடுக்க அவர் எழுதிவைத்த முறையை உயிரியல் படித்த எல்லா மாணவர்களும் ஒரு முறையாவது செய்து பார்த்திருப்பார்கள். வாழ்நாளெல்லாம் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்தவர் அதைத் தபாலில் அனுப்பவும் ஒரு வழி கண்டுபிடித்துக் கொடுத்தார்.

அமெரிக்காவில் புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களின் வீட்டுக்கு இப்படி ஒரு குழாய் வருகிறது. அவர்கள் செய்திருக்க வேண்டியது ஒன்றுதான்: கணினியிலோ கைபேசியிலோ பதிவுசெய்து, நோய் விவரத்தை நிரப்பி, ஒப்புதல் படிவத்தைப் படித்துச் சம்மதம் தர வேண்டும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தின் சானிங் பாலரும், சியாட்டிலில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஹெதர் செங்கும் முன்னின்று 2021இல் தொடங்கிய ‘பிராமிஸ்’ பதிவேடு இப்படித்தான் நடக்கிறது. நாட்டின் எந்த மூலையில் இருந்தாலும் சேரலாம், செலவு கிடையாது. 5000 ஆண்களைச் சோதித்து, அவர்களில் பிறவியிலேயே மரபணுப் பிழை உள்ள 500 பேரைக் கண்டுபிடித்து, குறைந்தது 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனிப்பது அதன் திட்டம்.

பிறவியிலேயே என்பதை இங்கே அடிக்கோடிட வேண்டும். புற்றுக்கட்டிக்குள்ளும் மரபணுக்கள் கெட்டுப்போகும். அவை அந்தக் கட்டிக்கு மட்டும் உரியவை, கட்டியோடு போய்விடும். இந்தக் குழாய் தேடுவது வேறொன்றை. அம்மாவிடமிருந்தோ அப்பாவிடமிருந்தோ வந்து, கருவாக இருந்த நாள்முதல் உடம்பின் எல்லா உயிரணுக்களிலும் உட்கார்ந்திருக்கும் பிழை அது. அதனால்தான் கட்டியைத் தொடாமலே எச்சிலில் அதைப் பார்க்க முடிகிறது. அதனால்தான் அந்த முடிவு அந்த ஒருவரோடு நிற்பதும் இல்லை.

இந்தக் குழாய் ஆண்களின் வீட்டுக்கு வருவதற்குக் கால் நூற்றாண்டு பிடித்தது. 1990இல் மேரி-கிளேர் கிங், பரம்பரை மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான ஒரு மரபணு 17ஆம் குரோமோசோமில் இருப்பதாகக் காட்டினார். அது பிராக்கா 1. 1995இல் மைக்கேல் ஸ்ட்ராட்டனின் இங்கிலாந்துக் குழு 13ஆம் குரோமோசோமில் இரண்டாவதை, பிராக்கா 2ஐ, அடையாளம் கண்டது. இரண்டும் பெண்களின் மரபணுக்கள் என்றே மக்கள் மனத்தில் பதிந்தன. ஆண் அதைத் தன் மகளுக்குக் கொடுக்கக்கூடிய ஒரு வழிப்போக்கன், அவ்வளவுதான். பிராக்கா 2 பழுதான குடும்பங்களில் ஆண்களுக்குப் புராஸ்டேட் புற்று கூடுதலாக வருகிறது என்று தொண்ணூறுகளிலேயே தெரிந்திருந்தும், அந்த ஆண்களைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்கும் அவசரம் வரவில்லை. சோதித்து என்ன செய்வது என்ற கேள்விக்கு அப்போது பதிலும் இல்லை.

பதில் வந்தது 2015இல். லண்டனின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனையில் யோஹான் டி போனோ குழுவினர், மற்ற மருந்துகளெல்லாம் கைவிட்ட புராஸ்டேட் நோயாளிகளுக்கு ஒலாபரிப் என்ற மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். மதிப்பிட முடிந்த 49 பேரில் 16 பேருக்கு மருந்து கேட்டது. மூன்றில் ஒருவர்தான். ஆனால் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கும் மரபணுக்கள் கெட்டுப்போயிருந்த 16 பேரைத் தனியே எடுத்துப் பார்த்தால், அவர்களில் 14 பேருக்குக் கேட்டிருந்தது. காரணம் இதுதான்: டி.என்.ஏ.வின் இரண்டு இழையும் அறுந்தால் தைப்பதற்குப் பிராக்கா 2 வேண்டும்; ஒரு இழை மட்டும் அறுந்தால் தைப்பதற்கு பார்ப் என்ற நொதி இருக்கிறது. முதலாவது ஏற்கெனவே கெட்டுப்போன கட்டியில் இரண்டாவதையும் மருந்து முடக்கிவிட்டால், கட்டி தன் அறுவல்களாலேயே சாகும். நல்ல உயிரணுக்களுக்கு முதல் வழி மிச்சமிருப்பதால் அவை பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும்.

அடுத்த ஆண்டு காலின் பிரிட்சார்டும் பலரும் சேர்ந்து வெளியிட்ட கட்டுரை எண்ணிக்கையைச் சொன்னது. உடலின் மற்ற இடங்களுக்குப் பரவிவிட்ட புராஸ்டேட் புற்றுள்ள 692 ஆண்கள். குடும்பத்தில் புற்றுநோய் இருக்கிறதா என்று பார்த்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்லர். அவர்களில் 82 பேரிடம், அதாவது 11.8 சதவீதத்தினரிடம், பிறவியிலேயே வந்த பழுதுபார்ப்பு மரபணுப் பிழை இருந்தது. பாதிக்குச் சற்றுக் குறைவாகப் பிராக்கா 2. மற்றவற்றில் முக்கியமானவை செக் 2, பிராக்கா 1, மற்றும் வங்கி வாசலில் நிற்பதோடு சம்பந்தமில்லாத ஏ.டி.எம். என்ற மரபணு. எட்டு ஒன்பது பேரில் ஒருவர். இன்னொன்றையும் கட்டுரை காட்டியது: உங்கள் குடும்பத்தில் யாருக்காவது புராஸ்டேட் புற்றுநோய் உண்டா என்ற வழக்கமான கேள்வியால் இவர்களைப் பிரித்தெடுக்க முடியாது. ஆகவே நோய் பரவியவர்கள் எல்லோரையும் சோதிக்க வேண்டும் என்று அமெரிக்காவின் சிகிச்சை வழிகாட்டு நெறிகள் மாறின.

மாறியது தாளில். அமெரிக்காவில் ஆண்டுக்கு ஏறத்தாழ 3 லட்சம் ஆண்களுக்குப் புதிதாகப் புராஸ்டேட் புற்று கண்டுபிடிக்கப்படுகிறது. மரபணு ஆலோசகர்களோ நாடு முழுவதற்கும் சில ஆயிரம் பேர். அவர்களும் பெருநகர மருத்துவமனைகளில். பழைய நடைமுறைப்படி, சோதனைக்கு முன் ஒரு முறை உட்கார்ந்து பேச வேண்டும், பின் ரத்தம் கொடுக்க வேண்டும், முடிவு வந்ததும் மறுபடி உட்கார்ந்து பேச வேண்டும். முதல் சந்திப்புக்கே மாதக்கணக்கில் காத்திருப்பு. வாஷிங்டன் மாநிலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சியாட்டில் மேற்கே கடலோரத்தில். நடுவில் காஸ்கேட் மலைத்தொடர். அதற்குக் கிழக்கே ஆப்பிள் தோட்டங்களும் கோதுமை வயல்களும், சியாட்டிலிலிருந்து ஸ்போக்கேன் நகர்வரை 400 கிலோமீட்டருக்கும் அதிகமான சாலையும், குளிர்காலத்தில் பனி மூடி அடைபடும் கணவாய்களும். எலும்புக்குப் பரவிய புற்றோடு இருப்பவரை, ஒரு மணி நேரப் பேச்சுக்காக இவ்வளவு தூரம் வரச்சொல்வதை விட அவருக்கு ஒரு பெட்டியை அனுப்புவது எவ்வளவோ மேல். அந்த மலைத்தொடருக்குச் சியாட்டில் பக்கம் இருந்துகொண்டுதான் செங் குழுவினர் ‘ஜென்டில்மென்’ என்ற இணையவழி ஆய்வை நடத்தினார்கள். அதன் அனுபவத்தின் மேல் எழும்பியதுதான் பிராமிஸ்.

ஆலோசகரை நேரில் பார்க்காமல் மரபணுச் சோதனையா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. அந்தக் கவலையில் நியாயம் இல்லாமலில்லை. ஆனால் நேர்ச்சந்திப்புக்கு மாற்றாக அந்த ஆண்களுக்கு வாய்த்திருந்தது இணையச் சந்திப்பு அல்ல, சோதனையே இல்லாமல் போவது. பிழை உண்டு என்று தெரிந்தபிறகு ஆலோசகர் தொலைபேசியில் பேசுகிறார். பிழை இல்லாத பெரும்பாலானோருக்கு முன்கூட்டி ஒரு மணி நேரம் பேசியிருக்க வேண்டிய தேவையே இல்லை. அந்த நேரம் தேவைப்படுகிறவருக்குப் போகட்டும் என்பதே என் கட்சி.

விலைக்கும் ஒரு கதை உண்டு. பிராக்கா மரபணுக்களின் காப்புரிமை மிரியட் ஜெனெடிக்ஸ் என்ற நிறுவனத்தின் கையில் இருந்தவரை சோதனைக்கு 3000 டாலருக்கு மேல் ஆனது; வேறு யாரும் செய்யவும் முடியாது. இயற்கையில் இருக்கும் மரபணுவுக்குக் காப்புரிமை செல்லாது என்று 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்சநீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2015இல் கலிஃபோர்னியாவில் கலர் ஜெனோமிக்ஸ் என்ற புது நிறுவனம் எச்சில் குழாயை 249 டாலருக்கு விற்க ஆரம்பித்தது. நம் குழாய் திரும்பிப்போவது அந்த நிறுவனத்தின் ஆய்வகத்துக்குத்தான்.

போகும் பயணம் சாதாரணமானது. குழாயைக் கசிவு தாங்கும் பையில் போட்டு, பையைப் பெட்டியில் போட்டு, கட்டணம் முன்பே கட்டப்பட்ட முகவரிச் சீட்டோடு அனுப்ப வேண்டியதுதான். வழியில் அது ஒரு சாமானியத் தபால். ஆபத்து அந்த வழியில் இல்லை, வீட்டு மேசையில் இருக்கிறது. நாளைக்குத் துப்பலாம் என்று ஓரமாக வைத்த பெட்டி அங்கேயே கிடந்துவிடும். இணையத்தில் சம்மதம் தந்தவர்களில் கணிசமானவர்கள் குழாயைத் திருப்பி அனுப்புவதே இல்லை. சலிப்பு, உடல்நலிவு, மறதி, பயம், எதுவாகவும் இருக்கலாம். மருத்துவமனையில் செவிலியர் கையில் ஊசியோடு நின்றால் யாரும் நாளைக்கு என்று சொல்லமாட்டார்கள்.

பதிவுசெய்யாமலே போனவர்கள் வேறு. அமெரிக்கக் கறுப்பின ஆண்கள் புராஸ்டேட் புற்றால் இறக்கும் விகிதம் வெள்ளையர்களைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் இதுபோன்ற இணைய ஆய்வுகளில் சேர்கிறவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள், நன்றாகப் படித்தவர்கள். மலையைத் தாண்ட உதவிய இணையம் இந்தச் சுவரைத் தாண்டவில்லை.

ஆய்வகத்தில் முதலில் பட்டைக்கோட்டைப் படிப்பார்கள். அந்த நிமிடம் முதல் குழாய்க்குப் பெயர் கிடையாது, எண்தான். நொதி ஊற்றிப் புரதத்தைக் கரைத்து, காந்தத் துகள்களில் டி.என்.ஏ.வை ஒட்டவைத்துக் கழுவி எடுப்பார்கள். கிடைப்பதில் வாய்க்குள் குடியிருக்கும் பாக்டீரியாக்களின் டி.என்.ஏ.வும் இருக்கும். மனித டி.என்.ஏ.வைத் துண்டாக்கி, வேண்டிய 30 மரபணுக்களுக்கு மட்டும் ஒட்டக்கூடிய தூண்டில்களைப் போட்டுப் பிடித்து, பிடிபட்டதைத் திரும்பத் திரும்பப் படிப்பார்கள். மனித மரபுத்தொகுதியின் 300 கோடி எழுத்துகளில் இது ஒரு துளி. படித்ததை மாதிரித் தொகுதியோடு ஒப்பிட்டு வேறுபாடுகளைப் பட்டியலிடுவது கணினியின் வேலை.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. வயதான ஆண்களைச் சோதிப்பவர்கள் இதை மறக்கவே கூடாது. எச்சிலில் இருப்பது கன்னத்தின் உள்தோல் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் அதில் பெரும்பங்கு ரத்தத்திலிருந்து வந்த வெள்ளணுக்கள். வயதாக ஆக, எலும்புமஜ்ஜையின் ஏதோவொரு தாய் அணுவில் பிழை விழுந்து, அதன் வாரிசுகள் ரத்தத்தில் பெருகுவது இயல்பு. அந்தப் பிழை செக் 2, ஏ.டி.எம்., டி.பி. 53 போன்ற மரபணுக்களில் விழுந்தால், சோதனையில் பிறவிப் பிழையைப்போலவே தோன்றும். எழுபது வயதுக்காரரின் எச்சிலில் கண்ட பிழையை அவருடைய பாட்டன் கொடுத்தது என்று சொல்லிவிட முடியாது; அறுபத்தைந்தாம் வயதில் அவரே சம்பாதித்ததாகவும் இருக்கலாம். சந்தேகம் வந்தால் தோலிலிருந்து ஒரு துணுக்கு எடுத்து வளர்த்துச் சோதிக்க வேண்டும், அல்லது பிள்ளைகளைச் சோதிக்க வேண்டும். தோல் துணுக்குக்குத் தபால் உதவாது.

அப்புறம் தீர்ப்பு. நோய் தரக்கூடியது, அநேகமாக நோய் தரக்கூடியது, பொருள் தெரியாதது, அநேகமாகத் தீங்கற்றது, தீங்கற்றது என்று ஐந்து படிகள். அமெரிக்க மருத்துவ மரபியல் அமைப்பு 2015இல் வகுத்த விதிகள் இவை. நடுவில் நிற்கும் ‘பொருள் தெரியாதது’ தான் தலைவலி. எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அதனால் கெடுதலா இல்லையா என்று சொல்ல உலகத்தில் போதிய ஆதாரம் இல்லை. அந்த முடிவை வைத்துச் சிகிச்சையை மாற்றக்கூடாது, யாரையும் பயமுறுத்தவும் கூடாது. தெற்காசியர்களுக்கு இது கூடுதலாக வருகிறது. நம் உடம்பில் கோளாறு அதிகம் என்று பொருளல்ல. ஒப்பிட்டுப் பார்க்கும் தரவுக் களஞ்சியங்களில் ஐரோப்பியர்கள் நிறைந்திருக்கிறார்கள், நாம் குறைவு. நியூ ஜெர்சியிலோ டெக்சஸிலோ இருக்கும் தமிழர் ஒருவர் இந்தக் குழாயில் துப்பினால், அவருடைய பக்கத்து வீட்டு வெள்ளைக்காரரைவிடத் தெளிவற்ற விடை கிடைக்கும் வாய்ப்பு அவருக்கு அதிகம். அவரைப்போல இன்னும் பலர் துப்பினால்தான் அந்தக் குறை தீரும்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். பூர்வீகம் பார்ப்பதற்கென்று விற்கும் எச்சில் பெட்டிகள் வேறு, இது வேறு. 23அண்ட்மீ நிறுவனத்துக்கு 2018இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கொடுத்த அனுமதி, பிராக்கா மரபணுக்களில் மூன்றே மூன்று மாறுபாடுகளைச் சொல்வதற்கு. அவை அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. ஆயிரக்கணக்கில் அறியப்பட்ட மாறுபாடுகளில் மூன்று. அதில் ஒன்றுமில்லை என்று வந்ததை நம்பி நிம்மதியாக இருந்தவர்கள் நிம்மதியாக இருந்திருக்கக் கூடாது. அந்த நிறுவனம் 2025 மார்ச்சில் திவால் மனு கொடுத்தபோது, ஒன்றரைக் கோடிப் பேரின் மரபணுத் தரவு யார் கைக்குப் போகும் என்ற கேள்வி எழுந்ததும் எல்லோருக்கும் நினைவிருக்கும். குழாய் குப்பைக்குப் போய்விடும். அதிலிருந்து படித்தது போகாது. 2008இல் வந்த அமெரிக்கச் சட்டம், மரபணு முடிவைக் காட்டி மருத்துவக் காப்பீட்டையும் வேலையையும் மறுக்கக்கூடாது என்கிறது. ஆயுள் காப்பீட்டைப் பற்றி அது பேசவில்லை. இணையத்தில் சம்மதம் தருமுன் படிக்க வேண்டிய வரி அதுதான். சம்மதப் பொத்தானை அழுத்துகிறவர்கள் அதைப் படிக்கிறார்களா என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு.

பிழை உண்டு என்று வந்தால் அந்த ஆணுக்கு லாபம் உண்டு. 2020 மே மாதத்தில், ஒரே வாரத்துக்குள், ருகாபரிப், ஒலாபரிப் என்ற இரண்டு மாத்திரைகளுக்கும் புராஸ்டேட் புற்றுக்கு அமெரிக்க அனுமதி கிடைத்தது. எச்சிலில் கண்ட பிழையே அந்த மாத்திரைக்கு நுழைவுச்சீட்டு. முற்றுப்புள்ளி வைக்கிற மருந்தல்ல. நோயைச் சில காலம் தள்ளிப்போடும், அதற்குள் ரத்தசோகை, அசதி என்று விலையும் வாங்கும்.

ஆனால் முடிவு அவரோடு நிற்பதில்லை என்று முன்னே சொன்னேன். பிராக்கா 2 பிழை அவருடைய உடன்பிறந்தவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் இருக்க ஆளுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. மகளுக்கு மார்பகமும் சினைப்பையும். மகனுக்குப் புராஸ்டேட், அதற்கு 40 வயதிலிருந்தே ஆண்டுதோறும் பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை. இவர்களுக்குச் சொல்லப்போவது யார்? அமெரிக்காவில் ஆய்வகமும் மருத்துவரும் முடிவை நோயாளியிடம்தான் சொல்வார்கள். அவருடைய சம்மதமில்லாமல் தங்கைக்குத் தொலைபேசி போடமாட்டார்கள். ஃபிரான்ஸில் குடும்பத்தாருக்குத் தெரிவிப்பது நோயாளியின் சட்டக்கடமை. தானே சொல்ல விரும்பாவிட்டால் மருத்துவர் வழியாகத் தன் பெயர் சொல்லாமல் தெரிவிக்கலாம். உயிருக்கோ உடல்நலத்துக்கோ பெரிய ஆபத்து என்றால் நோயாளி சம்மதிக்காவிட்டாலும் மருத்துவர் உறவினருக்குச் சொல்ல ஆஸ்திரேலியச் சட்டம் இடம் கொடுக்கிறது. ஐஸ்லாந்து இன்னொரு வழியில் போனது. அங்கே பிராக்கா 2 பிழை பெரும்பாலும் ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே மாறுபாடு. 2018இல் டீகோட் நிறுவனம் ஒரு இணையப் பக்கத்தைத் திறந்து, விரும்பிய குடிமகன் யாரும் அந்த ஒரு மாறுபாடு தனக்கு உண்டா என்று கேட்டுத் தெரிந்துகொள்ள வழி செய்தது. மக்கள்தொகை சென்னையின் ஒரு மூலைக்குக்கூடக் காணாத நாட்டில், ஒருவர் இன்னொருவருக்குச் சொல்லும் தேவையையே அது குறைத்துவிட்டது. முப்பது கோடிக்கும் அதிகமானோர் உள்ள அமெரிக்காவில் அது நடவாது.

அமெரிக்காவில் முயன்று பார்த்தது, குடும்பத்துக்கும் குழாயை அனுப்புவது. கலர் நிறுவனம், பிழை கண்டுபிடிக்கப்பட்டவர்களின் பெற்றோர், உடன்பிறந்தார், பிள்ளைகளுக்கு 50 டாலருக்குச் சோதனை செய்தது. அழைப்பு இணையம் வழியாக. அனுப்புகிறவர் உறவினரின் பெயரைத் தட்டினால் போதும். 2000க்கும் மேற்பட்ட உறவினர்களுக்கு அழைப்புப் போனது. ஏறக்குறைய பாதிப்பேர் துப்பி அனுப்பினார்கள். மருத்துவமனை வழியாக நடக்கும் முயற்சிகளோடு ஒப்பிட்டால் இது மோசமில்லை. மற்றப் பாதியைக் குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. முப்பது வயதுப் பெண்ணுக்கு, அப்பாவின் நோயோடு தன் மார்பகத்தின் எதிர்காலத்தையும் சேர்த்து ஒரு மின்னஞ்சலில் திறப்பது எளிதல்ல. பேச்சுவார்த்தையே அற்றுப்போன அண்ணனிடமிருந்து பத்தாண்டுக்குப் பிறகு வரும் முதல் செய்தி உனக்கும் இருக்கலாம் என்பதாக இருந்தால், அதை அழிக்கத்தான் கை போகும். ஆலோசகர்கள் இதற்கென்று ஒரு குடும்பக் கடிதத்தை எழுதிக் கொடுக்கிறார்கள்: என்ன மரபணு, எந்த மாறுபாடு, எங்கே சோதிக்கலாம், யாரைக் கேட்கலாம். முகவரி எழுதும் இடம் மட்டும் காலியாக இருக்கும். அதை நிரப்ப வேண்டியவர் நோயோடு இருக்கும் அந்த மனிதர்தான்.